பேசுவதனால் என்ன பயன்?

(ஆதரவாளர் நாள் கூட்டத்தில் மருத்துவமனையின் ஆலோசனைப் பிரிவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



காலை முதல் மருத்துவமனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பிரசவ வார்டில் நேற்றிரவு பிறந்த இரட்டைக் குழந்தைகளைக் கண்டீர்கள். உங்கள் காணிக்கையால் வாங்கப்பட்ட டயாலிசிஸ் இயந்திரத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். கடைசியாகப் புறநோயாளர் பகுதியின் கோடியிலிருக்கும் எங்கள் அறைக்கு வந்தபோது, உங்களில் சிலருடைய முகத்தில் சிறு ஏமாற்றம் தெரிந்தது. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லைதான். இரண்டு பிரம்பு நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு தண்ணீர்ப் பானை, வருகிறவருடைய தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். அழுதுகொண்டிருக்கிற ஒருவர் முன்னால் நாம் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய பேச்சு அத்தோடு நின்றுவிடும். அதனால்தான் கடிகாரம் அங்கே மாட்டப்பட்டிருக்கிறது.

"இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று உங்களில் ஒரு பெரியவர் கேட்டார். "பேசுகிறோம், ஐயா" என்றோம். "அதை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே செய்கிறோமே!" என்று சிரித்தார். நியாயமான கேள்விதான். எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தை அவருக்குப் பதில் சொல்லவே எடுத்துக்கொள்கிறோம்.

இந்தப் பிரிவு எப்படித் தொடங்கியது என்பதை முதலில் சொல்ல வேண்டும். அது எங்களுக்குப் பெருமையான கதை அல்ல. (இதிலும் இனி வருபவற்றிலும் ஆளை அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு இரவில், பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் இளம்பெண்ணை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். பூச்சி மருந்து குடித்திருந்தாள். 11 நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். அவற்றில் பாதி நாட்கள் வென்டிலேட்டரில். மருத்துவர்களும் செவிலியரும் மாறி மாறிக் கண்விழித்தார்கள். பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகிற அன்று அவளுடைய மாமனார் வார்டு முழுவதற்கும் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தார். அவள் கையில் கொடுத்த சீட்டில் நோயின் பெயர், மாத்திரைகள், இரண்டு வாரம் கழித்து வரவேண்டிய தேதி எல்லாம் இருந்தன. ஏன் குடித்தாள் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. குறித்த தேதியில் அவள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் தேடவுமில்லை. நான்கு மாதம் கழித்து மறுபடியும் கொண்டுவந்தார்கள். அந்த முறை எங்களால் முடியவில்லை.

மறுநாள் ஊழியர் கூட்டத்தில் இரவுப்பணிச் செவிலியர் ஒருவர் சொன்னது இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. "அவளுடைய உடம்பில் பொட்டாசியம் எவ்வளவு இருந்தது என்று ஒவ்வொரு வேளையும் எனக்குத் தெரியும். அவள் வீட்டில் என்ன நடந்தது என்று மட்டும் எனக்குத் தெரியாது." அதன் பிறகுதான் பழைய மருந்துக் கிடங்கைக் காலி செய்து இரண்டு நாற்காலிகளைப் போட்டோம்.

எங்கள் பிரிவின் பலகையில் 'ஆலோசனை' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சொல்லே எங்களுக்குப் பாதி இடைஞ்சல். நம் ஊரில் ஆலோசனைக்கா பஞ்சம்? காய்ச்சல் என்றால் நாலு கஷாயம், கடன் என்றால் நாலு வழி, கணவன் அடித்தான் என்றால் "அனுசரித்துப் போ" என்ற ஒரே வழி. இலங்கைத் தமிழர் இதை 'உளவளத்துணை' என்கிறார்கள். அதில் 'துணை' என்ற சொல் இருக்கிறது. நாங்கள் செய்யும் வேலைக்கு அதுதான் கிட்டத்தில் வருகிறது.

வேதத்தில் யோபுவைப் பார்க்க வந்த மூன்று நண்பர்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை அவர்கள் நல்ல துணைவர்கள். வாயைத் திறந்து, "நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்" என்ற பொருளில் ஆரம்பித்த பிறகுதான் காரியம் கெட்டது. நாங்களும் தொடக்கத்தில் அந்த நண்பர்களின் பிற்பகுதியைத்தான் பின்பற்றினோம். உறக்கமே வருவதில்லை என்று வந்த ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடத்தில் ஐந்து அறிவுரை சொல்லி, ஜெபித்து, அனுப்பிவைத்தோம். மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லிப் போனார். திரும்ப வரவே இல்லை. அவர் எதற்காக வந்தார் என்பதைச் சொல்ல நாங்கள் இடமே கொடுக்கவில்லை என்பது பயிற்சிக்குப் போய்வந்த பிறகுதான் உறைத்தது.

கேட்பது ஒரு வேலை என்பதைக் கண்டுகொண்டவர்களில் ஒரு குருவானவரும் உண்டு. சாட் வாரா என்ற ஆங்கிலிகன் சபைக் குரு 1953இல் லண்டன் நகரத்தில் தம் ஆலயத்திலேயே ஒரு தொலைபேசியை வைத்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கச் சாதாரண சபை மக்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். அவர்களிடம் பேசியதிலேயே பலருக்குப் பாரம் இறங்கிவிட்டது, தம்மைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் திரும்பினார்கள் என்பதை அவர் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் சமாரிட்டன்ஸ் அமைப்பு. சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'வும் இதே வகையான பணியைச் செய்கிறது.

அமெரிக்க உளவியலர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் மூன்று காரியங்கள்: வந்தவருடைய இடத்தில் நின்று பார்ப்பது, அவரை நிபந்தனையில்லாமல் மதிப்பது, நாம் வேடம் போடாமல் இருப்பது. எழுதிவைக்க எளிது. மருமகளை அடித்த மாமியார் எதிரே வந்து உட்காரும்போது இரண்டாவதைச் செய்து பாருங்கள்!

இனி, திண்ணைப் பேச்சுக்கும் உளச் சிகிச்சைக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு வருவோம். ஒருவருடைய கதையைச் சொன்னால் எளிதில் விளங்கும்.

மின்வாரியத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். மனைவி இறந்து 14 மாதம். ஒரு மகன் பெங்களூரில், ஒரு மகன் துபாயில். பகலெல்லாம் கட்டிலில் படுத்திருப்பார், இரவெல்லாம் தொலைக்காட்சி ஓடும். சமையல் நின்றுவிட்டது. ஆலயத்துக்கும் போவதில்லை. மனைவி உட்கார்ந்த பெஞ்சைப் பார்க்கவேண்டி வருமே என்று பயம். அக்கம்பக்கத்தார் "பேரப்பிள்ளைகளை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். முதல் நாள் எங்களிடம் 20 நிமிடம் அவர் ஒன்றும் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. பிறகு, "நான் செத்தாத்தான் என்ன சார்?" என்றார். சாக வேண்டும் என்ற நினைப்பு உண்டா, வழி ஏதும் யோசித்து வைத்திருக்கிறாரா என்று நேராகவே கேட்டோம். நினைப்பு உண்டு, வழி யோசிக்கவில்லை என்றார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். கேட்பதனால் அந்த எண்ணம் வருவதில்லை. வந்திருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறார், அவ்வளவுதான்.

அவரிடம் ஒரு 40 பக்க நோட்டைக் கொடுத்து, ஒவ்வொரு மணிக்கும் என்ன செய்தார், அப்போது மனம் எப்படி இருந்தது என்பதைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவரச் சொன்னோம். பழைய கணக்குப் பழக்கம் இருந்ததால் ஒழுங்காக எழுதினார். பக்கம் பக்கமாக 1, 2, 1. வியாழக்கிழமை மாலை 5 மணிக்கு மட்டும் 4 என்று இருந்தது. "என்ன செய்தீர்கள்?" என்றோம். பக்கத்து வீட்டு மிக்சியைப் பழுது பார்த்தாராம். அதைச் சொல்லவே வெட்கப்பட்டார். அந்த 4ஐத்தான் நாங்கள் பிடித்துக்கொண்டோம். அடுத்த வாரத்துக்கு இரண்டே வேலை: இன்னொரு வீட்டில் ஏதாவது ஒன்றைப் பழுது பார்ப்பது, காலையில் டீக்கடை வரை நடந்து போய்வருவது. மூன்றாம் வாரம், ஞாயிறு அல்லாத ஒரு மாலையில், ஆளில்லாத ஆலயத்தில் கடைசிப் பெஞ்சில் பத்து நிமிடம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால்.

மனம் சரியானால் எழுந்து நடமாடுவேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். மனச்சோர்வில் பலருக்கு அது மாறி நடக்கிறது: கால் முதலில் போகிறது, மனம் பின்னாலே வந்து சேருகிறது. சோர்வு வந்தவர் வேலையைக் குறைக்கிறார், ஆட்களைத் தவிர்க்கிறார். அதனால் மனதுக்கு இதமானது எதுவும் நடப்பதில்லை, சோர்வு இன்னும் கூடுகிறது. இந்தச் சங்கிலியை எளிதில் அறுக்கக்கூடிய இடம் செயல்தான். ஆறு அமர்வுகளுக்குப் பிறகு அவர் சபையின் ஒலிபெருக்கிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். துக்கம் போய்விட்டதா? போகவில்லை. மனைவியின் நினைவு நாளில் அழுதார். அழ வேண்டியவர்தானே? துக்கம் நோயல்ல. அதைக் குணப்படுத்தும் எண்ணமும் எங்களுக்கு இல்லை.

இந்த முறை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை முறையாகச் சோதித்தார்கள். மனநலப் படிப்பு எதுவும் படிக்காத உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பேசவைத்தார்கள். 2017இல் லான்செட் இதழில் வந்த அதன் முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த உதவி பெற்றவர்களில் 100க்கு 64 பேர் சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். அதைப் பெறாமல், மருத்துவர் சற்றுக் கூடுதல் கவனத்தோடு பார்த்தவர்களில் மீண்டவர்கள் 39 பேர்.

வேறு முறைகளும் உண்டு. 1960களில் டாக்டர் ஏரன் பெக் வகுத்த சிகிச்சையில், மனதில் தானாக ஓடும் எண்ணங்களைப் பிடித்து நிறுத்தி, 'இது உண்மைதானா?' என்று ஆதாரம் கேட்கப் பழக்குகிறோம். பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் வரும் பிள்ளைகளுக்கு இது மிகவும் பயன்படுகிறது. "நான் பெயில், இனி எல்லாம் முடிந்தது" என்ற எண்ணத்துக்கு எதிராக, அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு இருக்கிறது என்ற சின்ன உண்மையை எதிர்சாட்சியாக நிறுத்தலாம். (பெற்றோரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். பல வீடுகளில் 'எல்லாம் முடிந்தது' என்று முதலில் சொன்னது பிள்ளை அல்ல.)

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் "மனம் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, தலை பாரமாக இருக்கிறது என்றுதான் வருகிறார்கள். இ.சி.ஜி. எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். கடைசியில் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்கிறார்கள். நல்ல செய்தியாகச் சொல்லப்படுகிற இந்தச் சொல்தான் அவர்களை அதிகமாக நோகடிக்கிறது. வலி பொய்யல்ல. அது புறப்பட்ட இடம்தான் வேறு. "ரொம்ப யோசனை, அக்கா. யோசிச்சு யோசிச்சுத் தலை கனக்குது" என்று ஒரு தாய் சொன்னபோது எங்களுக்கு ஜிம்பாப்வே நாட்டு நினைவு வந்தது. அங்கே ஷோனா மொழியில் மனச்சோர்வுக்கு மக்கள் வழங்கும் சொல் 'குஃபுங்கிசிசா'. அதிகமாக யோசிப்பது என்றுதான் பொருள். அங்கே டாக்டர் டிக்சன் சிபண்டா என்ற மனநல மருத்துவரின் நோயாளி ஒருவர், பேருந்துக்குப் பணமில்லாமல் மருத்துவமனைக்கு வரமுடியாதிருந்தபோது தற்கொலை செய்துகொண்டார். அந்த மருத்துவர் 2006இல் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலைய வளாகத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டு உட்காரவைத்தார். 2016இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து, பெஞ்சில் பேசியவர்களில் 100க்கு சுமார் 14 பேருக்குத்தான் மனச்சோர்வு இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 50 பேருக்கு இருந்தது. திண்ணையைப் பற்றிக் கேட்ட பெரியவருக்குச் சொல்கிறோம்: ஐயா, உங்கள் திண்ணையை நாங்கள் ஏளனம் செய்யவில்லை. அந்தப் பாட்டிமாருக்குப் பயிற்சி இருந்தது, பின்னால் ஒரு மருத்துவர் இருந்தார், ஆபத்து என்றால் யாரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருந்தது. அது மட்டும்தான் வித்தியாசம்.

இப்போது அந்த பீடி சுற்றிய பெண்ணிடம் திரும்புவோம். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, மற்றும் பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளில் ஒவ்வோர் ஊர் என ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1,867 பேர் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதியினருக்கு அதோடுகூட, வீட்டுக்குப் போகும் முன் ஒரு மணி நேரப் பேச்சு, பிறகு 18 மாத காலத்தில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. அவ்வளவே. 2008இல் வந்த முடிவில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 1,000க்கு 22 பேர் வீதம் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 1,000க்கு 2 பேர் வீதம். எல்லா ஊரிலும் இதே அளவு பலன் கிடைத்துவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்த ஒன்பது அழைப்புகளை எங்கள் வார்டின் சட்டமாக்கிவிட்டோம். இன்று விஷ முறிவு சிகிச்சை பெற்ற யாரும் எங்களைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

இதற்கு ஒரு தடை இருந்தது, இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. வழக்கு வருமோ என்ற பயத்தில் "தண்ணீர் என்று நினைத்துத் தவறிக் குடித்துவிட்டாள்" என்று குடும்பமே ஒரே குரலில் சொல்லும். அந்தப் பொய்யோடு உண்மைக் காரணமும் புதைந்துபோகும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்கு அரசு சிகிச்சையும் பராமரிப்பும் அளிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவில்லை. இதை உங்கள் ஊரில், உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் தயவுசெய்து சொல்லுங்கள். மனச்சங்கடம் உள்ள யாரும் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம் என்பதையும் சொல்லுங்கள்.

எங்களால் முடியாதவையும் உண்டு. காதில் குரல் கேட்கிறவருக்கும், பல நாள் உறங்காமல் அளவுகடந்த உற்சாகத்தில் சொத்தை விற்கக் கிளம்புகிறவருக்கும் பேச்சு மட்டும் போதாது. மனநல மருத்துவரும் மாத்திரையும் வேண்டும். கடுமையான மனச்சோர்வுக்கும் பல வேளைகளில் மருந்து வேண்டும். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்வோம்: சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்கு, வந்த தூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்கவிட்டான்.

இன்னொன்று, சற்று மனத்தாங்கலோடு. எங்கள் அறையில் பேசப்படுவது அங்கேயே தங்கும். ஓர் உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, தகப்பனுக்கும் சொல்லமாட்டோம், போதகருக்கும் சொல்லமாட்டோம், அறைக்குப் பணம் கொடுத்தவருக்கும் சொல்லமாட்டோம். "அந்தப் பிள்ளை உங்களிடம் என்ன சொன்னாள்? ஜெபிக்கத்தான் கேட்கிறேன்" என்று அன்போடு கேட்பவர்கள் உண்டு. பெயர் தெரியாமலும் ஜெபிக்கலாம். இதே காரணத்தால்தான் எங்கள் பிரிவுக்குப் புகைப்படம் இல்லை, குணமானவர் மேடையேறிச் சாட்சி சொல்வதும் இல்லை. செய்திமடலின் ஆசிரியர் இதற்காக எங்கள்மேல் கொஞ்சம் வருத்தத்தில் இருக்கிறார்.

கடைசியாகப் போன மாதத்தில் நடந்த ஒன்று. எங்கள் பட்டியலில் இருந்த ஒரு பெண்ணுக்கு ஒன்பதாவது அழைப்பு. முதல் அழைப்பில் அழுகையைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மூன்றாவதில் வாரத் தவணைக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டதைச் சொன்னாள். ஐந்தாவதற்கு எடுக்கவே இல்லை, எங்களில் ஒருவர் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். ஒன்பதாவதில், எப்போதும்போல, எப்படி இருக்கிறாய், சாப்பாடு தூக்கம் எப்படி என்று ஆரம்பித்தோம். "நல்லா இருக்கேன் அக்கா. நீங்க சாப்பிட்டீங்களா? இன்னைக்கு ரொம்பப் பேச முடியாது. கடைக்கு பீடி கொண்டு போடணும், நேரமாயிட்டு" என்று அவளே முதலில் போனை வைத்துவிட்டாள்.